ஆளுவோர் இல்லாத பனி நிலத்தை ஆள்வது எது?

ஏற்காட்டுக்கு வந்திருப்பவர்கள் ஒண்டிக்கடையை அறிவார்கள். சாலைகள் பல திசைகளிலிருந்தும் வந்து கூடும் இடம் அது. ஒண்டிக்கடை என்றால் ஒற்றைக் கடை. பெயர் ஏற்பட்ட காலத்தில் அங்கு ஒரே ஒரு கடைதான் இருந்திருக்க வேண்டும். இன்று கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆயினும், மலையின் நாலா பக்கத்துச் செய்திகளும் வந்து சேர்ந்து, கைமாறிப் போகும் இடமாக அது இருந்து வருகிறது. எந்த வளைவில் மண் சரிந்தது, எந்தத் தோட்டத்தில் எத்தனை அங்குலம் மழை, மிளகு என்ன விலை என்பதெல்லாம் ஒரு குவளைத் தேநீர் தீர்வதற்குள் தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் என் மாணவர்கள் சிலருடன் அங்கு நின்றிருந்தேன். சாலையோரத்துப் பாறையைக் காட்டி, ‘இதன் உறவுக்காரப் பாறை அண்டார்க்டிகாவில் இருக்கிறது’ என்றேன். பேச்சு பனிக்கண்டத்தின் பக்கம் திரும்பியது. அங்கு இந்தியாவுக்கு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு என்று கூறிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் குறுக்கிட்டார்: “சார், அங்கே இடம் கொடுத்தது யார்? அந்த ஊருக்குத் தாசில்தார் யார்?”

எல்லோரும் சிரித்தனர். ஆனால் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு ஆழமான கேள்வி! ஒரு கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. இந்தியாவைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அங்கு குடிமக்கள் இல்லை, அரசன் இல்லை, காவல் நிலையம் இல்லை. அப்படியானால் அங்கு ஒழுங்கு எப்படி நிலவுகிறது? யார் சொல்வதை யார் கேட்கிறார்கள்? இதற்கான விடை நம்மில் பலரும் எதிர்பாராத ஒன்று: அந்த நிலத்தில் செல்லுபடியாகும் நாணயம் தகவலே. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கல்லுக்கும் பனிக்கும் உள்ள உறவு

முதலில் அந்தப் பாறையைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இவ்வகைக் கல் பதிக்கப்பட்டுள்ளது. அதனால் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் 1893-இல் இதற்கு அவர் பெயரை இட்டார். சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளும் இவ்வகையே. புவியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும் பாறை இது.

இதே வகைப் பாறை அண்டார்க்டிகாவின் கிழக்குக் கரையிலும் காணப்படுகிறது. அங்குள்ள மாசன் சார்னோக்கைட் புவியியலார் நன்கு அறிந்த ஒன்று. காரணம் எளிது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நமது நாடும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்தன. பின்னர் பிரிந்து, நாம் வடக்கே நகர்ந்தோம். அது தென் துருவத்திலேயே தங்கிவிட்டது. பாகப்பிரிவினைக்குப் பின் ஒரே வீட்டின் சுவர்கள் இரண்டு ஊர்களில் நிற்பதைப் போன்ற நிலை இது.

பாறை ஒன்றானாலும் சட்டம் ஒன்றன்று. சேர்வராயன் மலைமுகட்டில் பாக்சைட் வெட்டியெடுத்த இடங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அண்டார்க்டிகாவில் தாதுப் பொருளுக்காக ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டக்கூடாது. இந்தத் தடை எப்படி வந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

உரிமை கோரியவர் எழுவர்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்சு, நார்வே, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் அண்டார்க்டிகாவைத் துண்டு துண்டாக உரிமை கோரின. பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்றின் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இந்த உரிமைகளை ஏற்கவில்லை. போட்டி முற்றியிருந்தால் பனிக்கண்டம் போர்க்களமாக மாறியிருக்கக்கூடும்.

அதைத் தடுத்தது ஓர் அறிவியல் முயற்சி. 1957-58-இல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டது. அப்போது 12 நாடுகள் அண்டார்க்டிகாவில் நிலையங்கள் அமைத்தோ குழுக்களை அனுப்பியோ காற்று, காந்தப்புலம், பனி, வான்மண்டலம் ஆகியவற்றை அளந்தன. அளந்தவற்றைத் தம்முள் பகிர்ந்துகொண்டன. உலகெங்கும் பனிப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், உண்மையான பனியின் மீது மட்டும் போர் இல்லை!

இந்த அனுபவமே சட்டமாயிற்று. 1959 டிசம்பர் 1 அன்று அந்த 12 நாடுகளும் வாஷிங்டனில் அண்டார்க்டிக் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1961 ஜூன் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இதில் நான்கு புதுமைகள் உள்ளன.

முதலாவது, நில உரிமைக் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்தபடியே உறைய வைத்துவிட்டார்கள். இரண்டாவது, ஆராய்ச்சித் திட்டங்களையும் கண்டறிந்தவற்றையும் நாடுகள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, எந்த நிலையத்தையும் மற்ற நாட்டின் பார்வையாளர்கள் எந்த நேரமும் சென்று சோதிக்கலாம். கதவைச் சாத்த எவருக்கும் உரிமை இல்லை. நான்காவது, புதிதாகச் சேரும் நாடு, கணிசமான அறிவியல் ஆராய்ச்சியை அங்கு நடத்திக் காட்டினால்தான் முடிவெடுக்கும் உரிமை பெறும்.

இந்த நான்காவது விதியைக் கவனியுங்கள். ஐக்கிய நாடுகள் சபையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு. பங்கு நிறுவனத்தில் பணத்துக்கேற்ற வாக்கு. பனிக்கண்டத்திலோ ஆராய்ச்சி செய்து அறிவைச் சேர்ப்பவருக்கே வாக்கு. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 50-க்கு மேல். ஆனால் முடிவெடுக்கும் உரிமை பெற்றவை 29 மட்டுமே.

ஆராய்ச்சியே நுழைவுச் சீட்டு

இந்த விதி நியாயமானதா? ஏழை நாடு கப்பலுக்கும் கருவிக்கும் எங்கே போகும்? இக்கேள்வியை இந்தியா தொடக்கத்திலேயே எழுப்பியது. 1956-இலேயே அண்டார்க்டிகா பற்றி ஐக்கிய நாடுகள் சபையில் பேச வேண்டும் என்று நம் நாடு கோரியது. அக்கோரிக்கை முன்னேறவில்லை.

பின்னர் நம் நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 1981 டிசம்பர் 6 அன்று, ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில், டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டனர். 1982 ஜனவரி 9 அன்று அவர்கள் பனிக்கண்டத்தில் கால் பதித்தனர். அடுத்த ஆண்டே மற்றொரு குழு சென்றது. 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று முடிவெடுக்கும் உரிமையும் பெற்றது. வெளியே நின்று ‘எங்களையும் கேளுங்கள்’ என்று குரல் கொடுத்த நாடு, இரண்டு பயணங்களின் அளவீடுகளுடன் அவைக்குள் சென்று அமர்ந்துவிட்டது.

நமது முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி 1983-84-இல் கடலோரப் பனித்தட்டின் மீது கட்டப்பட்டது. ஆண்டுதோறும் பனி குவிந்து அதை மூடிக்கொண்டே வந்ததால் 1990-இல் அதைக் கைவிட நேர்ந்தது. அந்தப் பாடத்தைக் கற்று, 1989-இல் மைத்ரி நிலையத்தைப் பனியற்ற பாறை நிலத்தில், தூண்களின் மேல் நிறுத்தினார்கள். 2012-இல் மூன்றாவது நிலையமான பாரதி இயங்கத் தொடங்கியது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டகங்கள் 134-ஐ அடுக்கி, மேலே உறை போர்த்தி அது கட்டப்பட்டது. ஒவ்வொரு நிலையமும் முந்தையதன் அனுபவத்தை உண்டு வளர்ந்தது எனலாம்.

மூன்று மில்லிமீட்டர் கவசம்

இனி, பனிக்கண்டத்தில் எடுத்த ஓர் அளவு உலகச் சட்டத்தையே மாற்றிய கதைக்கு வருவோம்.

நமக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் வாயு பரவியிருக்கிறது. சூரியனின் கொடிய புற ஊதாக் கதிர்களை அது தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. அந்த ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து, சாதாரண அழுத்தத்தில், சுழி வெப்பநிலையில் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இதை 300 டாப்சன் அலகு என்பர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒரு டாப்சன் அலகு.

எட்டாத உயரத்தில் இருக்கும் இந்த வாயுவைத் தரையிலிருந்து எப்படி அளப்பது? ஓர் உவமை கூறுகிறேன். சேலத்தில் மலையடிவாரத்திலிருந்து இரண்டு சிறுவர்கள் ஒரே தொகையுடன் புறப்பட்டு ஒண்டிக்கடைக்கு நடந்து வருகிறார்கள். வழியில் முறுக்குக் கடைகள் உள்ளன. ஒருவன் கடையைக் கண்டால் விடமாட்டான். மற்றவன் திரும்பியும் பார்க்கமாட்டான். இருவர் கையிலும் மீந்திருக்கும் காசை ஒப்பிட்டால், வழியில் எத்தனை கடைகள் என்பதை நாம் போய்ப் பார்க்காமலே கணக்கிட்டுவிடலாம் அல்லவா? இங்கு சிறுவர்கள் என்பவை புற ஊதாக் கதிரின் இரண்டு அலைநீளங்கள். ஒன்றை ஓசோன் மிகுதியாக உட்கவரும். மற்றொன்றைச் சிறிதளவே உட்கவரும். தரையை அடையும் இரண்டின் செறிவையும் ஒப்பிட்டு ஓசோனின் அளவைக் காணும் கருவியே டாப்சன் நிறமாலைமானி. இதை 1920-களில் ஆக்ஸ்போர்டின் கோர்டன் டாப்சன் உருவாக்கினார்.

இக்கருவி நமக்கும் அந்நியமன்று. கொடைக்கானலில் இதைக் கொண்டு ஓசோன் அளக்கப்பட்டு வந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சி. வி. இராமனிடம் பயின்ற கே. ஆர். இராமநாதன், 1960-களில் சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராக விளங்கினார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

கண்டும் காணாத கருவி

அண்டார்க்டிகாவில் ஹாலி விரிகுடா என்னும் இடத்தில் பிரிட்டிஷ் நிலையம் ஒன்று உள்ளது. 1957 முதல் அங்கு டாப்சன் கருவியால் ஓசோனை அளந்து வந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒரே விடை. இந்தச் சலிப்பூட்டும் வேலை இன்னும் எதற்கு என்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆயினும் அளப்பது நிற்கவில்லை.

1970-களின் பிற்பாதியில் இருந்து அக்டோபர் மாத அளவு இறங்கத் தொடங்கியது. முன்பு 300 அலகையொட்டி இருந்தது, 1984-இல் 200-க்கும் கீழே போய்விட்டது. கருவியில் பழுதோ என்று ஐயுற்று வேறு கருவியையும் வைத்துப் பார்த்தனர். அதுவும் அதையே கூறியது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே 16 ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டனர். உலகம் திடுக்கிட்டது.

இதில் வியப்பு என்னவெனில், 1978 முதல் நிம்பஸ்-7 என்னும் அமெரிக்கத் துணைக்கோள் வானிலிருந்து நாள்தோறும் உலகம் முழுவதற்கும் ஓசோனை அளந்து கொண்டிருந்தது. அது ஏன் முன்பே சொல்லவில்லை? 180 அலகுக்குக் கீழே வரும் மதிப்புகளுக்கு ‘ஐயத்துக்குரியது’ என்று குறியிடும்படி கணிப்பொறிக்குக் கற்பித்திருந்தார்கள். அவ்வளவு குறைந்த ஓசோனை அதுவரை எவரும் கண்டதில்லை. அந்த எண்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று சிலர் கூறுவர், அது சரியன்று. அவை குறியிடப்பட்டு ஒதுங்கிக் கிடந்தன. விஞ்ஞானிகள் அவற்றைச் சரிபார்த்துக் கொண்டிருந்த வேளையில் ஹாலி விரிகுடாவின் கட்டுரை முந்திக்கொண்டது. பின்னர் துணைக்கோளின் எண்களை எடுத்துப் பார்த்தபோது, அண்டார்க்டிகா முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரிய ஓசோன் துளை படமாகத் தெரிந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. எண்கள் குவிவது வேறு; அறிவு பிறப்பது வேறு. எதிர்பாராததைக் கண்டால் நின்று கேட்கும் மனம் இருந்தால்தான் எண் தகவலாகும்.

துளைக்குக் காரணம் என்ன? குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் மேலே சென்று, சிதைந்து குளோரினை வெளிவிடும், அது ஓசோனை அழிக்கும் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இலேயே எச்சரித்திருந்தனர். ஒரு குளோரின் அணு, தான் அழியாமலே சுமார் ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. ஆனால் துளை தென் துருவத்தில் ஏன்? அங்கு நீண்ட குளிர்கால இரவில் காற்று ஒரு பெருஞ்சுழலாக அடைபட்டுக் கிடக்கிறது. வெப்பநிலை சுழிக்குக் கீழே 78 பாகைக்கும் தாழ்கிறது. அவ்வுயரத்தில் அரிதான மேகங்கள் தோன்றுகின்றன. அந்த மேகத் துகள்களின் பரப்பில், அடங்கிக் கிடந்த குளோரின் சேர்மங்கள் வினையூக்கம் பெற்று விடுபடுகின்றன. செப்டம்பரில் கதிரவன் எழுந்ததும் அழிவு தொடங்குகிறது. 1986-இல் சூசன் சாலமன் தலைமையில் பனிக்கண்டத்துக்குச் சென்ற குழுவும், 1987-இல் சிலி நாட்டிலிருந்து துளைக்குள்ளேயே பறந்த விமானமும் இதற்குச் சான்று திரட்டின.

முழுதும் தெரியுமுன் எழுதிய சட்டம்

இனிமேல்தான் கதையின் உயிர்நிலை. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த விமானங்களின் ஆய்வு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. துளைக்குக் குளோரினே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டிருக்கவில்லை. அப்படியிருந்தும் நாடுகள் துணிந்து கையெழுத்திட்டன. எப்படி?

ஒப்பந்தத்தை வகுத்தவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். முதலில் அளவான நடவடிக்கை. பத்தாண்டுக்குள் இவ்வாயுக்களைப் பாதியாகக் குறைப்பது. அத்துடன், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் விஞ்ஞானிகள் கூடிப் புதிய தகவல்களை மதிப்பிட வேண்டும்; அதற்கேற்ப விதியை இறுக்கலாம் என்று ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். கல்வெட்டாக நிற்கும் சட்டம் அன்று, கற்றுக்கொள்ளும் சட்டம்.

அவ்வாறே நடந்தது. 1990-இல் லண்டனில் பாதி என்பது முழுத் தடையாயிற்று. வளரும் நாடுகள் மாற்றுத் தொழில்நுட்பம் பெற உதவும் நிதியும் அமைந்தது. அந்த நிதி அமைந்த பின் 1992-இல் இந்தியா சேர்ந்தது. வளரும் நாடுகளுக்குக் கெடு 2010 ஜனவரி 1. உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் முதுகில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். புதியதாயின் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் என்று பொருள்படும் குறியைக் காண்பீர்கள். ஹாலி விரிகுடாவில் எடுத்த அளவு உங்கள் சமையலறை வரை வந்திருக்கிறது!

விதிக்குக் காவல் யார்? அதுவும் அளவீடுதான். 2018-இல், தடைசெய்யப்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வகை ஒன்று காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று கண்டார்கள். யாரோ திருட்டுத்தனமாக வெளிவிடுகிறார்கள்! கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவுகளைக் காற்றோட்டத்துடன் பொருத்திப் பார்த்து, அதன் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதை 2019-இல் காட்டினர். அதன்பின் வெளியீடு குறைந்தது. இன்றைய போக்கு தொடர்ந்தால் தென் துருவ ஓசோன் 2066-ஐ ஒட்டி 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று உலக விஞ்ஞானிகளின் அண்மைய மதிப்பீடு கூறுகிறது. மைத்ரியிலிருந்து நமது வானிலைத் துறையினர் ஓசோன் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு எடுத்த அளவுகளும் இப்பணியில் சேர்ந்தவையே.

சுரங்கத்தை மூடிய ஒப்பந்தம்

பாக்சைட் குழியிடம் திரும்புவோம். 1988-இல் அண்டார்க்டிகாவில் சுரங்கத் தொழிலை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கும் உடன்படிக்கை ஒன்று தயாராகிவிட்டது. 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் ‘பாகியா பரைசோ’ என்னும் கப்பல் அங்குள்ள கரையருகே பாறையில் மோதி, எண்ணெய் கசிந்து கடலுயிர்களைப் பாதித்தது. எச்சரிக்கை நேரிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவும் பிரான்சும் சுரங்க உடன்படிக்கையில் சேர மறுத்தன. அது அப்படியே மடிந்தது. அதற்கு மாறாக 1991-இல் மாட்ரிட் நகரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஒப்பந்தம் பிறந்தது; 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஆராய்ச்சிக்கன்றித் தாதுப் பொருள் எடுக்கத் தடை. 2048-க்குப் பின் மறுஆய்வு கோரலாம் என்றாலும் தடையை நீக்குவது எளிதன்று.

இங்கும் தகவலே முதலில் நிற்கிறது. பெரிய பணி எதையும் தொடங்குமுன், அதனால் நேரக்கூடிய விளைவுகளை எழுதி எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, அவர்களின் கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். பாரதி நிலையம் கட்டுமுன் இந்தியாவும் அவ்வறிக்கையைத் தயாரித்தது. 2007-இல் புது தில்லியில் நடந்த அண்டார்க்டிக் நாடுகளின் கூட்டத்தில் அது விவாதிக்கப்பட்டது. நம் வீட்டில் நடந்த கூட்டத்தில் நம்மையே குறுக்கு விசாரணை செய்தார்கள் என்றால் மிகையன்று.

‘இன்னும் தகவல் வேண்டும்’

இதுவரை கூறியதைக் கொண்டு, தகவல் பெருகினால் நல்ல சட்டம் தானாக வரும் என்று எண்ணிவிடக்கூடாது. மறுபக்கமும் உண்டு.

பேரரசுப் பெங்குவின்கள் கடலோரத்தில் உறைந்து நிற்கும் பனியின் மேல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. மனிதர் செல்ல இயலாத இடங்களிலும் அவற்றின் குடியிருப்புகளைத் துணைக்கோள் படங்களிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். எப்படித் தெரியுமா? வெண்பனியில் அவற்றின் எச்சத்தால் படியும் பழுப்புக் கறையைக் கொண்டுதான்! 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் குஞ்சுகளுக்கு நீந்தத்தக்க இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்துவிட்டது. அங்குள்ள ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அவ்வாண்டு இனப்பெருக்கம் முற்றிலும் தோல்வியுற்றது என்பதையும் துணைக்கோளே காட்டியது.

அதே 2022-இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில், இப்பறவையைத் தனிப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகள் விரும்பின. ஆனால் அங்கு ஒருமித்த இசைவுடன்தான் முடிவெடுக்க முடியும். ‘இன்னும் ஆராய்ச்சி தேவை’ என்று சீனா கூறியது. அறிவிப்பு நின்றுபோயிற்று. தென் கடல் உயிரினங்களைக் காக்கும் அமைப்பிலும் இதே கதை. 2016-இல் ராஸ் கடலில் 15 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதுகாப்புப் பகுதி இசைவு பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழப் பாதி! ஆனால் கிழக்கு அண்டார்க்டிகா, வெட்டல் கடல் ஆகியவற்றுக்கான திட்டங்கள், இந்தியாவும் 2021-இல் ஆதரவு அறிவித்திருந்தும், ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயின. அங்கும் தடையாக நின்ற வாதங்களுள் ஒன்று ‘தகவல் போதவில்லை’ என்பதே.

தகவல் கேட்பது அறிவியலின் முதல் கடமை. நான் வகுப்பில் நாள்தோறும் வற்புறுத்துவதும் அதுவே. ஆனால் எவ்வளவு தகவல் வந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லாமல் ‘இன்னும், இன்னும்’ என்று கேட்பது, முடிவைத் தள்ளிப்போடும் சூழ்ச்சியாகவும் ஆகிவிடலாம். ஓசோனில் வென்றதற்கும் பெங்குவினில் தடுமாறியதற்கும் உள்ள வேறுபாடு தகவலின் அளவில் இல்லை. ‘இப்போது தெரிந்ததைக் கொண்டு இன்று செய்வோம், நாளை தெரிவதைக் கொண்டு நாளை திருத்துவோம்’ என்னும் ஏற்பாடு ஒன்றில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. இதுவே என் துணிபு.

தாசில்தார் யார்?

மாணவரின் கேள்விக்கு விடை கூறாமல் முடிக்கலாகாது. 2022-இல் நமது நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, நம் நாட்டிலிருந்து அங்கு செல்லும் குழுவினர் மத்திய அரசு அமைக்கும் குழுவின் அனுமதி பெற வேண்டும். அங்கு குற்றம் புரிந்தால் இந்திய நீதிமன்றம் விசாரிக்கும். ஒவ்வொரு நாடும் தன் மக்களைத் தானே கட்டுப்படுத்துகிறது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 மே மாதம் கொச்சியில் கூடிய அண்டார்க்டிக் நாடுகள், பெருகிவரும் சுற்றுலாவுக்கு விதி வகுக்கும் பணியையும் தொடங்கின. சுற்றுலாவால் வரும் நன்மையும் குப்பையும் ஏற்காட்டாருக்குப் புதிதன்று. ஆகவே அதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. மலைத்தோட்டங்களில் மழைமானி வைத்து அன்றாடம் மழையளவைக் குறிப்பேட்டில் எழுதுவது நெடுநாள் வழக்கம். காப்பி பூக்கும் பருவத்து மழை எந்த நாளில், எவ்வளவு பெய்தது என்பது விளைச்சலையே நிர்ணயிக்கும் செய்தி. இத்தகைய ஏடுகள் தனித்தனி அலமாரிகளில் கிடக்கும்வரை ஒவ்வொன்றும் ஒரு தோட்டத்தின் கணக்கு மட்டுமே. அவற்றை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மலையின் வரலாறு. நீரைப் பங்கிடவும் மரத்தைக் காக்கவும் விதி எழுதுவதற்கு உறுதியான அடித்தளம். ஹாலி விரிகுடாவில் 27 ஆண்டுகள் சலிப்பின்றி எழுதியதும் இதுபோன்ற ஏடுதான்.

வாசகர்களே, உங்கள் ஊரில் மழையையோ கிணற்று நீர் மட்டத்தையோ எவரேனும் அளந்து எழுதி வருகிறார்களா? விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். ஒரு மழைமானியும் நாற்பது பக்க நோட்டும் போதும். ஆனால் எழுதியதைப் பூட்டி வைக்காதீர்கள். ஒண்டிக்கடைச் செய்தியைப் போல் அது நாலு பேருக்கும் போய்ச் சேரட்டும்.